சர்வர் நின்றதா, நிறுத்தப்பட்டதா? ஆங்கில வினையைத் தேர்ந்தெடுப்பது எப்படி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு வாடிக்கையாளருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல் இது. நான்கே வாக்கியம்.

‘தி சர்வர் வாஸ் ஸ்டாப்ட் அட் நைன். தி ப்ராப்ளம் வாஸ் ஹேப்பன்ட் பிகாஸ் தி டிஸ்க் வாஸ் ஃபில்ட். செக்கிங் தி லாக்ஸ், அ பிக் ஃபைல் வாஸ் ஃபவுண்ட். தி கன்சர்ன்ட் இன்ஜினியர் டிலீட்டட் இட்.’

பதில் ஒரே வரியில் வந்தது: ‘ஹூ ஸ்டாப்ட் இட்?’

யாரும் நிறுத்தவில்லை. சர்வர் கணினியின் டிஸ்க் நிரம்பி, அதுவாகவே நின்றுபோனது. அதைப் புரியவைக்க இரண்டு நாள் பிடித்தது. யாரையோ காப்பாற்றப் பார்க்கிறேன் என்றே அவர்கள் நினைத்தார்கள். வம்பு முழுக்க ‘வாஸ்’ என்ற ஒற்றைச் சொல்லால் வந்தது.

12 வருடம் ஓடிவிட்டது. எங்கள் குழுவிலிருந்து வெளியே போகும் மின்னஞ்சல்களைப் படித்துத் திருத்துவதும் இப்போது என் வேலைகளில் ஒன்று. எழுதுகிற யாருக்கும் இலக்கணம் தெரியாமல் இல்லை. ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்று என்றால் அரை நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். எப்போது எது வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறினேன். பிறகுதான் தெரிந்தது, பாதிக் கேள்விகளுக்கு விடை நம் தமிழிலேயே இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தை எழுதும் முன் அதே விஷயத்தைத் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தால் போதும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள்.

முதலில் தமிழில் கேளுங்கள்: நின்றதா, நிறுத்தினார்களா?

தமிழில் இரண்டும் வேறு வேறு சொல். நின்றது, நிறுத்தினார். உடைந்தது, உடைத்தார். மாறியது, மாற்றினார். நிரம்பியது, நிரப்பினார். உருகியது, உருக்கினார். பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்த ஜோடிகள் இவை. ஆங்கிலத்தில் இந்த ஜோடிகள் பலவற்றுக்கும் ஒரே சொல்தான். ‘ஸ்டாப்’ என்றால் நிற்பதும் அதுவே, நிறுத்துவதும் அதுவே. ‘பிரேக்’, ‘சேஞ்ச்’, ‘ஃபில்’, ‘மெல்ட்’, ‘மூவ்’ எல்லாம் இதே ரகம்.

எனவே தமிழில் ‘சர்வர் நின்றது’ என்று வாயில் வந்தால் ஆங்கிலத்தில் ‘தி சர்வர் ஸ்டாப்ட்’. அவ்வளவுதான், ‘வாஸ்’ கூடாது. ‘சர்வரை நிறுத்தினார்கள்’ என்று வந்தால் மட்டும் ‘தி சர்வர் வாஸ் ஸ்டாப்ட்’. ‘வாஸ்’ போட்ட உடனேயே, எங்கோ ஒரு கை வந்து நிறுத்தியது என்று ஆங்கிலக்காரர் எடுத்துக்கொள்வார். எனக்கு நடந்தது அதுதான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு: நிலை. ‘கதவு திறந்திருக்கிறது’ என்பது நிகழ்ச்சி இல்லை, கதவின் இப்போதைய நிலை. அதற்கு ‘தி டோர் இஸ் ஓப்பன்’. ‘இஸ் ஓப்பன்ட்’ என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். மூடியிருப்பதைச் சொல்ல மட்டும் ‘இஸ் க்ளோஸ்ட்’ என்று மூன்றாம் வடிவம் (‘ரைட், ரோட், ரிட்டன்’ வரிசையில் மூன்றாவதாக வருவது) வருகிறது. கடைக் கதவில் தொங்கும் பலகையின் ஒரு பக்கம் ‘ஓப்பன்’, மறுபக்கம் ‘க்ளோஸ்ட்’ என்றிருக்கும். அந்தப் பலகையை நினைவில் வைத்துக்கொண்டால் இது மறக்காது.

அடுத்து ‘வாஸ் ஹேப்பன்ட்’. இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவது இது: தமிழில் ‘சிக்கல் ஏற்பட்டது’ என்கிறோம். அதில் ‘பட்டது’ இருக்கிறது. செயப்பாட்டுவினைக்கும், அதாவது பாஸிவ் வாய்ஸுக்கும், நமக்கு அதே ‘படு’தான்: எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது. அதனால் ‘பட்டது’ காதில் விழுந்ததும் கை தானாக ‘வாஸ்’ போட்டுவிடுகிறது. ஆனால் ஏற்பட்டது, புறப்பட்டது, தென்பட்டது எதுவுமே செயப்பாட்டுவினை கிடையாது. ‘ஏற்பட்டது யாரால்?’ என்று கேட்டுப் பாருங்கள், கேள்வியே அபத்தமாக இருக்கும். ‘ஹேப்பன்’, ‘அக்கர்’, ‘அரைவ்’, ‘டிபார்ட்’, ‘அப்பியர்’, ‘டிஸப்பியர்’, ‘டை’, ‘எக்ஸிஸ்ட்’, ‘பிலாங்’, ‘கன்சிஸ்ட்’ ஆகிய சொற்களோடு செயப்பாட்டு ‘வாஸ்’ ஒருநாளும் சேராது. ‘தி எரர் அக்கர்ட் ட்வைஸ்’, ‘தி ரிப்போர்ட் கன்சிஸ்ட்ஸ் ஆஃப் ஃபோர் பார்ட்ஸ்’ என்றுதான் எழுத வேண்டும்.

எழுவாய் இல்லாத தமிழ் வாக்கியம்தான் ஆங்கிலச் செயப்பாட்டுவினை

‘செயப்பாட்டுவினையே கூடாது, செய்வினையில்தான் எழுத வேண்டும்’ என்று அறிவுரை சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், செய்வினையைப் பயன்படுத்த முடிகிற இடத்தில் செயப்பாட்டுவினையைப் பயன்படுத்தாதே என்று விதியே போட்டார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே ‘இட் இஸ் ஜெனரலி அஸ்யூம்ட்’ என்று ஒரு செயப்பாட்டுவினை உட்கார்ந்திருக்கிறது. நான் ஆர்வெலின் விதியை விட்டுவிட்டு அவர் எழுதிக்காட்டியதைப் பின்பற்றுகிற கட்சி.

தமிழில் எப்படிப் பேசுகிறோம்? ‘மீட்டிங்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.’ யார் தள்ளிவைத்தது? யாரோ. எழுவாயே இல்லை, இருந்தும் வாக்கியம் நொண்டவில்லை. ‘ஃபைல் அனுப்பியாச்சு.’ இதிலும் ஆள் இல்லை. ஆங்கில வாக்கியத்துக்கு எழுவாய் கட்டாயம். ‘தே ஹேவ் போஸ்ட்போன்ட் தி மீட்டிங்’ என்று எழுதினால், அந்த ‘தே’ யார் என்று படிப்பவர் தேடத் தொடங்குவார். அங்கேதான் செயப்பாட்டுவினை கைகொடுக்கிறது: ‘தி மீட்டிங் ஹேஸ் பீன் போஸ்ட்போன்ட்.’ ‘தி ஃபைல் ஹேஸ் பீன் சென்ட்.’ ஆக, தமிழில் ஆள் இல்லாத ‘ஆர்கள்’ அல்லது ‘ஆச்சு’ வந்தால் ஆங்கிலத்தில் தயங்காமல் செயப்பாட்டுவினைக்குப் போங்கள்.

இன்னொரு இடமும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. தமிழில் சொற்களை இடம் மாற்றி அழுத்தம் கொடுக்கலாம். ‘மூன்று புகார் வந்தது. மூன்றையும் அனுப்பியது ஒரே ஆள்.’ செய்தியின் குத்து கடைசியில், ‘ஒரே ஆள்’ என்பதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொற்கள் அப்படி இடம் மாறாது. செய்வினையில் எழுதினால் ‘தி சேம் பர்சன் சென்ட் ஆல் த்ரீ’ என்று, கடைசியில் வர வேண்டியது முன்னாலேயே வந்து நின்றுவிடும். ‘ஆல் த்ரீ வேர் சென்ட் பை தி சேம் பர்சன்’ என்று திருப்பினால் முந்தைய வாக்கியத்தில் பேசிய பொருளே இங்கும் முதலில் நிற்கிறது, புதுச் செய்தி கடைசியில் வந்து விழுகிறது. ‘பை’ போட்டு ஆளைச் சொல்வது இதற்காகத்தான். ஆள் புதுச் செய்தியாக இல்லாவிட்டால் அந்த ‘பை’ வாலை வெட்டிவிடுங்கள். ‘தி லெட்டர் வாஸ் சைன்ட் பை மீ’ என்று எழுதுவதற்கு ‘ஐ சைன்ட் தி லெட்டர்’ எவ்வளவோ மேல்.

செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்துகொள்வதும் நடக்கத்தான் செய்கிறது. ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தைப் பற்றி 1987இல் நாடாளுமன்றத்தில் பேசியபோது, அமெரிக்க அதிபர் ரீகன் ‘சீரியஸ் மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ என்றார். தவறுகள் செய்யப்பட்டன. யார் செய்தார்கள் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் மின்னஞ்சலில் யாராவது இப்படி எழுதினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்: ‘வி மேட் அ மிஸ்டேக்’ என்று எழுதுங்கள், படிப்பவருக்குக் கோபம் பாதியாகும்.

வடிவத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் வடிவம் மாறாது, காலத்தைச் சுமப்பது அதற்கு முன் வரும் சொல். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: ‘இஸ் பீயிங் ரிப்பேர்ட்’ என்றால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, ‘ஹேஸ் பீன் ரிப்பேர்ட்’ என்றால் வேலை முடிந்தது. காத்திருக்கிற வாடிக்கையாளருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி இருக்கிறது.

சந்தேகம் வந்தால் இணையத்தில் பலரும் சொல்லும் ஒரு விளையாட்டுச் சோதனை உண்டு. வினைக்குப் பின்னால் ‘பை ஜாம்பீஸ்’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘தி சர்வர் வாஸ் ஸ்டாப்ட் பை ஜாம்பீஸ்.’ பொருள் கிடைக்கிறது, ஆகவே இது செயப்பாட்டுவினை. ‘தி சர்வர் ஸ்டாப்ட் பை ஜாம்பீஸ்.’ உளறல், ஆகவே செய்வினை. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால் ஜாம்பிகள் என் இரண்டு நாளைக் காப்பாற்றியிருக்கும்.

முடியை நீங்களே வெட்டிக்கொண்டீர்களா?

இது தனிச் சிக்கல். ‘முடி வெட்டினேன்’, ‘போனை ரிப்பேர் பண்ணினேன்’ என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். வெட்டியது வேறொருவர் என்று கேட்பவருக்கும் தெரியும். இதையே ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொன்னால், கண்ணாடி முன் நீங்களே கத்தரியும் கையுமாக நிற்கும் காட்சிதான் கேட்பவர் மனதில் வரும். வேறொருவரை வைத்துச் செய்தால் ‘ஐ காட் மை ஹேர் கட்’, ‘ஐ ஹேட் மை போன் ரிப்பேர்ட்’. ‘காட்’ அல்லது ‘ஹேட்’, பிறகு பொருள், பிறகு மூன்றாம் வடிவம். வரிசை மாறினால் அர்த்தமும் மாறிவிடும். ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை போன்’ என்றால் மறுபடி ஸ்க்ரூடிரைவர் உங்கள் கைக்கு வந்துவிடும்.

எழுதிய பையன், எழுதிய கடிதம்

இப்போது பெயரெச்சம். ஐ-என்-ஜி சேர்ந்த வடிவமா, மூன்றாம் வடிவமா என்று தடுமாறுவதன் வேர் இங்கே இருக்கிறது. ‘எழுதிய பையன்’ என்றால் பையன் எழுதினான். ‘எழுதிய கடிதம்’ என்றால் கடிதம் எழுதவில்லை, கடிதத்தை யாரோ எழுதினார்கள். இரண்டுக்கும் ‘எழுதிய’ என்ற ஒரே வடிவம். எது செய்தது, எது செய்யப்பட்டது என்பதைப் பின்னால் வரும் பெயரைப் பார்த்து நாமே புரிந்துகொள்கிறோம். ‘பார்த்த ஆள்’ என்பதில் அதுவும் கலங்கிப்போகும்: அவர் பார்த்தாரா, அவரைப் பார்த்தார்களா?

ஆங்கிலத்தில் இந்த வேலையை வினை வடிவமே செய்தாக வேண்டும். பெயர் செய்கிறதென்றால் ஐ-என்-ஜி, பெயருக்குச் செய்யப்படுகிறதென்றால் மூன்றாம் வடிவம். ‘தி பாய் ரைட்டிங் தி லெட்டர்’, ‘தி லெட்டர் ரிட்டன் பை தி பாய்’. இங்கே ஒரு குழி உண்டு. ‘தி பாய் ரைட்டிங்’ என்றால் எழுதிக்கொண்டிருக்கும் பையன். எழுதி முடித்த பையனை எப்படிச் சொல்வது? அதற்கு ஆங்கிலத்தில் பெயரெச்சமே கிடையாது. ‘தி பாய் ரிட்டன் தி லெட்டர்’ என்பது ஆங்கிலமே அல்ல. ‘தி பாய் ஹூ ரோட் தி லெட்டர்’ என்று ‘ஹூ’ போட்டு நீட்டித்தான் ஆக வேண்டும். தமிழில் ‘எழுதிய’ என்று ஒரு சொல்லில் முடிப்பதற்கு அங்கே இரண்டு சொல் செலவாகிறது.

உணர்ச்சிச் சொற்களில் இந்தக் குழப்பம் சிரிப்பையே வரவழைத்துவிடும். என் முதல் நேர்காணலில், வேலையில் எவ்வளவு ஆர்வம் என்று கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்தி ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங்’ என்றேன். எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். நான் மிகவும் சுவாரசியமான ஆள் என்று சொல்லிவிட்டேன் என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

அதற்கு நான் பிறகு கண்டுபிடித்த வழி இது. தமிழ் வாக்கியத்தில் ‘எனக்கு’, ‘அவருக்கு’ என்று ‘கு’ வாங்கும் ஆளுக்கு மூன்றாம் வடிவம். அந்த உணர்ச்சியைக் கொடுக்கும் பொருளுக்கு ஐ-என்-ஜி. எனக்குக் குழப்பமாக இருக்கிறது: ‘ஐ ஆம் கன்ஃப்யூஸ்ட்’. குழப்புவது அந்தப் படிவம்: ‘தி ஃபார்ம் இஸ் கன்ஃப்யூசிங்’. எனக்குப் போரடிக்கிறது: ‘ஐ ஆம் போர்ட்’. ‘ஐ ஆம் போரிங்’ என்றால் நீங்கள் மற்றவர்களுக்குப் போரடிக்கிறீர்கள். ஏமாற்றம், வியப்பு, களைப்பு எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

மூன்றாம் வடிவம் என்றாலே செயப்பாடு என்று எண்ணிவிடவும் வேண்டாம். ‘ஃபாலன் லீவ்ஸ்’ என்பவை விழுந்த இலைகள், யாரும் அவற்றை விழவைக்கவில்லை. ‘அ ரிடையர்ட் டீச்சர்’ ஓய்வுபெற்ற ஆசிரியர். செயப்படுபொருள் வாங்காத வினைகளில் மூன்றாம் வடிவம் ‘முடிந்துவிட்டது’ என்பதை மட்டும் சொல்லும். ‘பாய்லிங் வாட்டர்’ கையில் பட்டால் கொப்புளம், ‘பாய்ல்ட் வாட்டர்’ ஆறிய பிறகும் ‘பாய்ல்ட்’தான்.

அப்புறம் ‘கன்சர்ன்ட்’. என் பழைய மின்னஞ்சலின் கடைசி வாக்கியத்தில் இருப்பது. பெயருக்கு முன்னால் வந்தால் ‘தி கன்சர்ன்ட் இன்ஜினியர்’, அதாவது கவலையில் இருக்கும் இன்ஜினியர். பின்னால் வந்தால்தான் ‘தி இன்ஜினியர் கன்சர்ன்ட்’, சம்பந்தப்பட்ட இன்ஜினியர். சொல்லை நகர்த்தினாலே போதும், கவலை போய்விடும்.

லாக்கைப் பார்த்தது யார்?

வாக்கியத் தொடக்கத்தில் வரும் ஐ-என்-ஜி தொடருக்கு ஒரே ஒரு நிபந்தனை: அதைச் செய்பவரே முதன்மை வாக்கியத்தின் எழுவாயாக இருக்க வேண்டும். ‘செக்கிங் தி லாக்ஸ், அ பிக் ஃபைல் வாஸ் ஃபவுண்ட்’ என்று நான் எழுதியதற்கு, பெரிய ஃபைல் ஒன்று லாக்குகளை, அதாவது சர்வரின் பதிவுகளை, புரட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். இந்த நிபந்தனை நமக்குப் புதிதல்ல. ‘செய்து’ போன்ற வினையெச்சம் அதே வினைமுதலின் வினையைக் கொண்டு முடியும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. ‘பாடிக்கொண்டே மழை வந்தது’ என்றால் நமக்கே சிரிப்பு வரும்.

பிறகு ஏன் ஆங்கிலத்தில் தவறுகிறோம்? ‘போகும்போது’ என்பதையும் ‘போய்க்கொண்டே’ என்பதையும் ஒரே ‘கோயிங்’ ஆக்கிவிடுவதால்தான். ‘நான் போகும்போது மழை வந்தது’ என்பது நல்ல தமிழ், இரண்டு எழுவாய் இருந்தாலும் பரவாயில்லை. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வைல் ஐ வாஸ் கோயிங்’ என்று ‘ஐ’யையும் சேர்த்து எழுத வேண்டும். ‘கொண்டே’ வருகிற இடத்தில் மட்டும் வெறும் ஐ-என்-ஜி போதும். ‘முடித்துவிட்டு’ என்று வந்தால் ‘ஹேவிங் ஃபினிஷ்ட்’.

எழுவாய்க்கு ஏதோ செய்யப்படுகிறது என்றால் தொடக்கத்திலும் மூன்றாம் வடிவம்தான். ‘சீன் ஃப்ரம் அபவ், தி ரோட் லுக்ஸ் லைக் அ த்ரெட்.’ சாலை பார்க்கப்படுகிறது, பார்க்கவில்லை. ‘கம்பேரிங் வித் லாஸ்ட் இயர், சேல்ஸ் ஃபெல்’ என்று மாதாந்திர அறிக்கைகளில் தவறாமல் வருகிறது. விற்பனை எதையும் ஒப்பிடாது, அதை நாம் ஒப்பிடுகிறோம். ‘கம்பேர்ட் வித் லாஸ்ட் இயர்’ என்று மாற்றுங்கள்.

விதிக்கு அடங்காத சிலதும் உண்டு. ‘தி ஷர்ட் நீட்ஸ் வாஷிங்’ என்பதில் சட்டை துவைக்காது, அதைத் துவைக்க வேண்டும், ஆனாலும் ஐ-என்-ஜி வந்திருக்கிறது. ‘திஸ் புக் செல்ஸ் வெல்’ என்பதில் புத்தகம் தன்னையே விற்கிறது. தமிழிலும் இது பழைய வழக்கம். செய்யப்படும் பொருளையே செய்தது போலச் சொல்வது மரபுதான் என்கிறது தொல்காப்பியம், அதற்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு ‘திண்ணை மெழுகிற்று’. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வீடு கட்டப்படுவதை ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள். ‘இஸ் பீயிங் பில்ட்’ புதிதாகப் பரவியபோது, இது என்ன கொச்சை என்று 19ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் சிலர் பொங்கியிருக்கிறார்கள். இன்று நாம் அதைத்தான் சரி என்று திருத்திக்கொண்டிருக்கிறோம்.

சரி, அந்த மின்னஞ்சலை இன்று எழுதினால்? நின்றது, நிறுத்தவில்லை: ‘தி சர்வர் ஸ்டாப்ட் அட் நைன்.’ ஏற்பட்டது, ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல்லே வேண்டாம். காரணத்தை நேரே சொல்லலாம், டிஸ்க் நிரம்பி இருந்த நிலை: ‘தி டிஸ்க் வாஸ் ஃபுல்.’ லாக்கைப் பார்த்தது நாங்கள்: ‘செக்கிங் தி லாக்ஸ், வி ஃபவுண்ட் அ வெரி பிக் ஃபைல்.’ அழித்தவர் யார் என்பது வாடிக்கையாளருக்குத் தேவையில்லை, அழித்தாயிற்று என்பது போதும்: ‘இட் ஹேஸ் பீன் டிலீட்டட்.’

அந்த ஃபைல் அங்கே எப்படி வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். அதனால் ஐந்தாவதாக ஒரு வாக்கியம் சேர்த்திருப்பேன்: ‘தி ஃபைல் ஹேட் பீன் லெஃப்ட் தேர் ஆஃப்டர் அ டெஸ்ட்.’ சோதனைக்குப் பிறகு அங்கேயே விடப்பட்டிருந்தது. விட்டது நான்தான்.